குரலுக்கு நின்ற குருவி

குருவி கருப்பாக இருந்தது. குருவி மட்டுமில்லை, படமே கருப்பு. கரண்ட் போன வீட்டில் யாரோ அடுப்படியைப் படம் எடுத்து வைத்த மாதிரி. மானிட்டரில் மூக்கை ஒட்டிப் பார்த்த பிறகுதான் இது சருகு, இது வேர், இதோ இந்தக் கரிக்கட்டைதான் குருவி என்று ஆவுடைக்குப் பிடிபட்டது, பிடிபட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வந்த சிரிப்பை உள்ளங்கையால் மூடினாள், மூடிய பிறகுதான் ஸ்டுடியோவில் ஆளே இல்லை என்று நினைவு வந்தது. ஆள் இல்லாவிட்டால் என்ன, முன்பல் போன நாளிலிருந்து கை தானாகப் போகிறது, அதற்கென்று தனி வேலைக்காரி மாதிரி. தங்கத்துரை அண்ணாச்சி, இந்தப் பூரணி கலர் ஸ்டுடியோவின் ஓனர், கல்லிடைக்குறிச்சியில் ஒரு சடங்கு வீட்டுக்குக் கேமராவோடு போய்விட்டார். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு மாடிப்படி வழியாக ஏறி வந்து காதுக்குள் நின்றது. தென்காசி தென்காசி தென்காசி என்று ஒருத்தன் கத்த, அவளும் மூக்கால் தேங்காசி தேங்காசி என்றாள், அச்சு அசல், கீழே எவனாவது ஏறிக்கூட இருப்பான். அப்புறம் டாக்டர். பல் டாக்டர் கைலாசத்தின் குரல் அவளுக்கு வெல்லம், மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல். என்னம்மா ஆவுடை, படம் சித்த டார்க்கா வந்துருச்சு, லேசா வெளிச்சம் ஏத்தி, கலர் கூட்டி, குப்பை கிப்பை இருந்தாத் தட்டிவிட்டு வை, அஞ்சரை வாக்குல வந்து வாங்கிக்கிறேன். சித்த டார்க்காம். ராத்திரி சுடுகாட்டைப் படமெடுத்து வந்து சித்த டார்க்கா என்கிற மனுசன். அவ்வளவு பெரிய லென்ஸு, பீரங்கி கணக்கா, அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தை வைக்க மறந்துவிட்டாரே, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு விளக்கைப் போட மறந்த பல் டாக்டர்.

எக்ஸ்போஷரை வலப்பக்கம் தள்ளினாள். இருட்டு வெளுத்தது, கூடவே மணல் மணலாகப் புள்ளி பூத்தது, அது போகட்டும், பிறகு தேய்த்துக்கொள்ளலாம். ஏட்டி ஆவுடை, பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பவுடர் போடு. இது தங்கத்துரை அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு எக்ஸ்போஷர் என்ற சொல்லே கிடையாது, எல்லாம் பவுடர்தான், கல்யாணப் பொண்ணுக்கு ரெண்டு கோட்டிங், மாப்பிள்ளைக்கு ஒண்ணு, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவள் நிற்கிற தோரணையைப் பொறுத்து. இந்த ஊரில் கருப்பாகக் கல்யாணம் பண்ணி ஆல்பத்தில் கருப்பாக இருக்கிற பொண்ணு ஒருத்தி உண்டா, எல்லாரையும் வெளுத்தவள் ஆவுடை. ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை வந்து கையைச் சொடுக்கி, ஏ பல்லு, என் முகத்தை நல்லாக் கொண்டா என்றான். நல்லாவே கொண்டுவந்தாள். மூக்கு காணாமல் போகிற வரைக்கும் பவுடர் போட்டு பிரிண்ட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆல்பத்தைத் திறந்தால் மாலைக்கு மேலே ஒரு இட்லி, இட்லிக்கு மீசை. அண்ணாச்சி திட்டிய திட்டை அவள் இன்றுவரை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டுவாள், அண்ணாச்சியே ஒருநாள் கேட்டுவிட்டு, நல்லாத்தான் திட்டிருக்கேன், என்னட்டி என்றார். சரி, குருவிக்கு வா. மரத்தடிப் படம் என்றால் இலைப் பச்சை எல்லாவற்றின் மேலும் இறங்கியிருக்கும், பந்தல் துணியின் கலர் சாப்பிடுகிறவன் முகத்தில் இறங்குகிற மாதிரி. பச்சையைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தாள். நெஞ்சு டீ ஆற்றின நிறத்துக்கு வந்தது. தொண்டையில் வெள்ளை. கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை, திருடனுக்குக் கட்டின மாதிரி. இறக்கையில் காலண்டர் கிருஷ்ணரின் நீலம். அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, அதைக் கூட்டக் கூடாது, கூட்டினால் வெட்டுக்காயம் மாதிரி ஆகிவிடும், லேசாகத் தொட்டு விட்டாள். ஆறுமணிக்குருவி. காலையில் ஆறு வாக்கில் ஒரு தடவை, சாயங்காலம் ஆறு வாக்கில் ஒரு தடவை கூப்பிடும், குளிருக்கு வடக்கேயிருந்து இறங்கி வந்து மலையடிவாரத்துப் புதருக்குள் சருகைப் புரட்டிக்கொண்டு திரியும், ஆள் கண்ணில் படாது. பட்டாலும் நிற்காது. நிற்கவே நிற்காது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு நின்னுச்சே.

நின்னுச்சே. அந்தச் சொல்லை இந்த வாரம் முழுக்க வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே இருந்தாள், சவ்வுமிட்டாய் மாதிரி கரையவே இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் லீவு விட்டிருக்கிறாள், பாதிப் பள்ளிக்கூடம் வாசல் தாண்டிப் போயிருந்தது. அண்ணாச்சி குரலில் போன் பண்ணி அண்ணாச்சியின் பொஞ்சாதியை ஆட்டுக்கால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதெல்லாம் மனுசங்க, மனுசங்க எதையும் நம்புவாங்க. குருவி நம்பியதுதான் பேச்சு. அவள் வாயில் அந்த விசில் வந்த கதையே ஒரு கூத்து. பாபநாசம் பஸ்ஸில் கூட்டத்தோடு நிற்கும்போது கண்டக்டர் மாதிரியே ரெண்டு விசில் கொடுத்தாள், ரெண்டு விசில் என்றால் டிரைவருக்குப் போகலாம் என்று கணக்கு, டிரைவர் எடுத்தார், ஏறப்போன கிழவர் ஒருத்தர் படியிலிருந்து ரோட்டில் உட்கார்ந்தார், அவர் உட்கார்ந்த அழகைப் பார்த்துச் சிரித்தவள் கம்பியைப் பிடிக்கவில்லை, முன்சீட்டுக் கம்பி அவள் முன்பல்லைப் பிடித்துக்கொண்டது. கிழவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பல் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அம்மா ஆரம்பித்தாள், இனிமே வாயை மூடிட்டுச் சிரிட்டி, எவன் பாப்பான் உன்னை. பல் போன அந்தச் சந்தில்தான் காற்று புகுந்து விளையாடியது, நாக்கை ஒட்டி வைத்தால் கண்டக்டர், சுருட்டி வைத்தால் குக்கர், மடித்து உள்ளே இழுத்தால் எந்தக் குருவி வேண்டுமானாலும். டாக்டர் கிளினிக்கில் ஓட்டைப் பல்லோடு அவள் உட்கார்ந்திருக்கையில் ஜன்னலில் ஒரு மைனா கத்த, இவளும் கத்த, டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். அட. இன்னொரு தடவை பண்ணும்மா. பண்ணினாள். பல்லா, பல்லு நான் கட்டித் தாரேன், சும்மாவே கட்டித் தாரேன், நீ எனக்கு ஒரு குருவியைக் கூப்பிட்டுக் குடு. அப்புறம் சொன்னார், இந்தச் சந்துலதானே விசில் வருது, அப்போ மொதல்ல குருவி, அப்புறம் பல்லு. சிரித்தார். அவளும் சிரித்தாள், கையால் மூடி. அளவு எடுத்தாகிவிட்டது, பல்லின் நிறம் பார்த்தாகிவிட்டது, வருகிற சனிக்கிழமை கட்டுகிறதாகப் பேச்சு. சனிக்கிழமைக்கு அப்புறம் பஸ்ஸில் நிற்கும்போது, கடையில் நிற்கும்போது, இந்த வேலைக்காரக் கை சும்மா தொங்கும். கண்ணாடி முன்னால் நின்று ஈ என்று பார்த்துக்கொள்ளலாம். எவனாவது பல்லு என்று கூப்பிட்டால், எந்தப் பல்லு அண்ணே என்று எல்லாத்தையும் காட்டலாம்.

கடையத்துப் பக்கம் மலையடிவாரத்தில் டாக்டருக்குத் தோட்டம். போன ஞாயிறு சாயங்காலம் காரில் கூட்டிப் போனார். பம்புசெட் ரூமுக்குப் பின்னால் அவளை நிறுத்தினார். இங்கனயே நில்லும்மா, திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது, உன் நிழல் பட்டாலே ஓடிரும், நான் போய் இடத்தைச் சரி பண்ணிட்டு வாரேன். சரி பண்ணினார், சரி பண்ணினார், அப்படிச் சரி பண்ணினார், புளியமரத்தடியில் குனிந்தவர் நிமிரவில்லை, சருகைத் தள்ளுகிற சத்தம் மட்டும் வந்தது, கல்யாண மேடைக்குப் பூ சோடிக்கிறவன்கூட அவ்வளவு நேரம் எடுக்கமாட்டான். பிறகு கையைக் காட்டினார். அவள் நாக்கை மடித்து உள்ளே இழுத்தாள். வ்வீட்ட்-டியூ. முதலில் ஒன்றுமில்லை, தூரத்தில் ஒரு மாடு. அதற்குள் டாக்டர், வந்துருச்சு வந்துருச்சு என்று ரகசியமாகக் கூவிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டார். வந்தது குருவி இல்லை, இவள்தான். இவள் விசிலுக்கே படுத்தார் மனுசன், அதை நினைத்து அவள் பம்புசெட் சுவரில் முட்டிக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். பதில் வந்தது. நிஜப் பதில். அவள் கூப்பிட அது சொல்ல, கொஞ்சம் கிட்டே சொல்ல, இன்னும் கிட்டே, அது ஏதோ தன் இடத்துக்கு வேற எவளோ வந்துவிட்டாள் என்று சண்டைக்கு வருகிறதாம், டாக்டர் பிறகு சொன்னார், அப்போது அவளுக்கு அது சண்டையாகத் தெரியவில்லை, யாரோ தன்னைப் பார்க்க ஓடி வருகிற மாதிரி இருந்தது. பிறகு கேமரா. டிக்டிக்டிக்டிக். ஓயவே இல்லை. அவ்வளவு நேரம். ஒரு இடத்தில் ஒரு நொடி நிற்காத குருவி, அசையாமல் நின்று, அவள் கூப்பிடக் கூப்பிட நின்று, கேமரா பொரிந்து தள்ளுகிறது, நிற்கிறது. டாக்டர் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு வந்தார். முள்ளு கீறிருச்சு. பறந்து போயிருச்சும்மா, ஆனா நல்லா நின்னுச்சு, உன் குரலுக்கு மயங்கி நின்னுச்சு. மயங்கி. அந்தச் சொல்லை அவள் வீடு வரைக்கும் காரில் டாக்டர் குரலிலேயே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது ஷேடோ. வெளிச்சம் ஏற்றினாலும் அடியில் கிடக்கிற இருட்டு தனி, அதைத் தனியாகத்தான் கிண்டி எடுக்கணும், பொண்ணுக்குக் கழுத்தடி, குருவிக்கு வயிற்றடி. ஸ்லைடரைத் தள்ளினாள். சருகின் நரம்பு வந்தது. வேரின் முண்டு வந்தது. குருவியின் கால் வந்தது, வெளிர் ரோஸ், வெறுங்கால். இன்னும் தள்ளினாள். காலில் ஒரு கோடு. சிலந்தி நூல், என்றாள் சத்தமாக, டாக்டர் குரலில். குப்பை கிப்பை இருந்தாத் தட்டிவிடு. சரி டாக்டர். பெரிதாக்கினாள். சிலந்தி நூல் இவ்வளவு தட்டையாகவா இருக்கும். புல்லாக இருக்கலாம், காய்ந்த புல் மினுங்கும். புல் முடிச்சுப் போடாதே. கணுக்காலில் சுருக்கு விழுந்து அதற்கு மேல் சதை பிதுங்கியிருந்தது, அங்கேயிருந்து வெள்ளைக் கோடு சருகுக்குள் இறங்கி, மறுபடி வெளியே வந்து, புளியமர வேரைச் சுற்றி, சுத்தமாக, அழகாக, தையல் போட்டுப் பழகிய கை போட்ட முடிச்சாக முடிந்திருந்தது. வாய்க்குள் புதினா வாசம் வந்தது. அவள் எதையும் தின்னவில்லை. அது டாக்டரின் அந்த நாற்காலியின் வாசம். சாய்த்துப் படுக்கப்போட்டு, முகத்துக்கு மேல் விளக்கை இழுத்து, சின்ன டப்பாவிலிருந்து சர்ரென்று உருவுவாரே, மெழுகு பூசின தட்டை நூல், ரெண்டு விரலிலும் சுற்றிக்கொண்டு பல் இடுக்கில் இறக்குவார், வலிக்காதும்மா, எறும்பு கடிச்ச மாதிரி. இழுத்தாலும் அறாது பாத்தியா, என்று ஒரு தடவை அவளுக்கே இழுத்துக் காட்டினார்.

அப்போ நிற்கலை. இதுதான் முதலில் வந்தது, குருவிக்காக வரவில்லை. அய்யோ குருவி என்று வந்திருக்கணும், வரவில்லை, அப்போ எனக்காக நிற்கலை என்றுதான் வந்தது. சருகுக்குள் கண்ணி போட்டு வைத்துவிட்டு, வாம்மா கூப்பிடு என்றிருக்கிறார், அவள் கூப்பிட்டாள், அது வந்து காலை வைத்தது. அவ்வளவுதான். மாடாக இருந்தாலும் கட்டினால் நிற்கும். அவள் அந்த நேரம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளே, அது இழுத்துப் பார்த்திருக்கும், ஒரு பக்கம் இழுத்திருக்கும், மறுபக்கம் இழுத்திருக்கும், இவள் சுவருக்குப் பின்னால் வ்வீட்ட்-டியூ, அது படுத்து எழுந்திருக்கும், இவள் வ்வீட்ட்-டியூ, இன்னும் நல்லா, இன்னும் குழைந்து. டாக்டரின் விரலை முள் கீறவில்லை, குருவிதான் கொத்தியிருக்கிறது. அறுத்துவிட்டாரா? அறுத்துத்தானே விட்டிருப்பார். எங்கே அறுத்தார், கால் பக்கமா, வேர் பக்கமா, அவசரத்தில் வேர் பக்கம்தான் அறுப்பார், கொத்துகிற குருவியின் காலில் எவன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருப்பான். அப்போ அது நூலோடு பறந்திருக்கும். மெழுகு பூசின நூல், அறாது, மக்காது, எங்கேயாவது ஒரு முள்ளில் சுற்றிக்கொண்டு தலைகீழாக, இப்போ, இந்த நேரம். நிறுத்துட்டி. இறக்கை அடித்து அடித்து. நிறுத்து. ஒருவேளை நின்றும் இருக்கலாமே, நூல் இல்லாவிட்டாலும் நின்றிருக்கலாமே, குரல் அவ்வளவு நல்லாத்தானே இருந்தது என்று ஒரு மூலையில் ஒருத்தி முனகிக்கொண்டிருந்தாள், யாருடா இவள், யார் குரல் இது என்று பார்த்தால், அவள் குரலேதான், யாருடையதையும் எடுக்காத வெறுங்குரல், அதைக் கேட்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மணி அஞ்சு தாண்டிவிட்டது. படம் நாளைக்குத் திருநெல்வேலியில் கண்காட்சிக்குப் போகிறது, பெரிய திரையில் போடுவார்களாம், நடுவர்கள் வருவார்களாம், இன்றைக்கு ராத்திரிக்குள் கொண்டுபோய்க் கொடுக்கணுமாம். நூலோடு போனால் டாக்டர் மானம் போகும். டாக்டர் மானம் போனால் ஆவுடையின் பல் போகும், இன்னும் வராத பல். ஈ என்று மானிட்டரின் கருப்பு ஓரத்தில் பார்த்தாள். சந்து. சந்துக்குள் நாக்கு, கிணற்றில் எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி. சனிக்கிழமை. ரெண்டு நாள் பொறுத்தால் போதும். அவளா கட்டினாள்? கட்டியவர் டாக்டர், கூப்பிட்டவள்தான் அவள். கூப்பிட்டதும் கட்டியதும் ஒண்ணா? ஸ்டாம்ப் டூலை எடுத்தாள். மாமியார் முகத்து மரு எடுக்கிற அதே டூல், பந்தியில் பின்னால் வாய் நிறையச் சோற்றோடு நிற்கிறவனை அழிக்கிற அதே டூல். பக்கத்துச் சருகைத் தொட்டு நூலின் மேல் வைத்தாள், நூல் ஒரு துளி மறைந்தது. தொட்டு வைத்தாள். தொட்டு வைத்தாள். வேரின் முடிச்சு போயிற்று, வேர் மட்டும் நின்றது. சருகுக்குள் கிடந்தது போயிற்று. கணுக்காலில் மட்டும் கை நின்றது, அங்கே சதை பிதுங்கியிருந்ததைத் தேய்த்துச் சமன் பண்ணணும், அதையும் பண்ணினாள், பொண்ணுகளின் இறுக்கமான ஜாக்கெட் கைக்குப் பண்ணுகிறாள்தானே. கடைசியில் கண். வெளிச்சமில்லாமல் எடுத்த கண் செத்த கண்ணாக இருக்கும், அதற்கு ஒரு வித்தை உண்டு, கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு, அழுது முடித்து மேடைக்கு வந்த பொண்ணுக்கும் அதுதான், ஒரு பொட்டு, உடனே சந்தோஷம். வைத்தாள். குருவி சந்தோஷமாக நின்றது. தன் பாட்டுக்கு, தானாக, யார் குரலுக்கோ மயங்கி நின்றது. அவ்வளவு நன்றாக வந்துவிட்டதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

படியில் ஷூ சத்தம். "என்னம்மா ஆவுடை, ரெடியா?"

டாக்டர் கைலாசம் உள்ளே வந்ததும் ரூமே கிளினிக் மாதிரி ஆயிற்று. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார், கேமரா பை கழுத்தில் தொங்கியது, இந்த மனுசன் குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா. "அடடா. அடடடா. இது நான் எடுத்ததாம்மா? கண்ணு பேசுதே!"

"நீங்க எடுத்ததுதான் டாக்டர். நான் பவுடர் போட்டேன், அவ்வளவுதான்."

"குப்பை எதும் இருந்துச்சா?" கேட்டபோது அவர் அவளைப் பார்க்கவில்லை, படத்தின் வேரைப் பார்த்தார்.

"இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"கெட்டிக்காரி." தோளில் ஒரு தட்டு. "இதாம்மா வேலை. தேவையில்லாதது கண்ணுல படக் கூடாது."

அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் கேட்டது. "டாக்டர், அது எப்படி அவ்வளவு நேரம் அசையாம நின்னுச்சு?"

டாக்டர் நிமிர்ந்தார். கண்ணாடியை இறக்கி, துடைத்து, மாட்டிக்கொண்டு, நாற்காலியில் படுத்திருப்பவளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். "உன் குரலும்மா," என்றார். "வேற என்ன? அந்தக் குரலுக்கு மனுசனே நிப்பான், குருவி நிக்காதா? படத்துக்குக் கீழ உன் பேரையும் போடச் சொல்லிட்டேன் தெரியுமா. குரல், ஆவுடையம்மாள், அம்பாசமுத்திரம். பெரிய ஸ்கிரீன்ல."

வலிக்காதும்மா. எறும்பு கடிச்ச மாதிரி.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் டாக்டர்?"

"எதுக்கு? ஓ, பல்லா." சிரித்தார். "பல்லு எங்க ஓடிரப் போகுது, இருக்கிறதுதானே ஓடும். குளிர் முடியட்டும்மா, குருவியெல்லாம் திரும்பிப் போகட்டும். எனக்கு இன்னொண்ணு வேணும், ஜோடியா நிக்கிற மாதிரி. இப்போ சந்தை அடைச்சிட்டா யாரு கூப்பிடுவா? பங்குனிக்கு மேல பாத்துக்கலாம். சரி, பென் டிரைவ்ல போட்டுக் குடு, நேரா திருநெல்வேலிக்குத்தான் போறேன், எட்டுக்குள்ள குடுக்கணும், கீழ வண்டி நிக்குது." என்றவர் போனை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்தபடி யாரிடமோ பேச ஆரம்பித்தார், ஆமா, ஆமா, பெர்பெக்ட் ஷாட், சும்மா கல்லு மாதிரி நின்னுச்சுங்க.

பங்குனி. மார்கழி தை மாசி என்று விரல் தானாக மடிந்தது, மடிந்த விரல் கீபோர்டில், போட்டதைத் திரும்ப எடுக்கிற பட்டனில் விழுந்தது. அன்டூ. கண்ணிலிருந்த பொட்டு போயிற்று. அன்டூ. கணுக்காலில் சதை பிதுங்கியது. அன்டூ, அன்டூ, அன்டூ. சருகுக்குள்ளிருந்து ஒரு துளி நூல் வந்தது, இன்னொரு துளி வந்தது, ஊர்ந்து ஊர்ந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வேருக்குப் போய்ச் சேர்ந்தது, வேரில் முடிச்சு உட்கார்ந்தது. குரல், ஆவுடையம்மாள், அம்பாசமுத்திரம். அதுவும் கீழே வரும், முடிச்சுக்கு நேர் கீழே, எல்லாரும் வாசிப்பார்கள், யாரு இந்தப் புண்ணியவதி என்பார்கள், கட்டினவனுக்கும் கூப்பிட்டவளுக்கும் ஒரே திரை. பல் இல்லை, பேரும் இல்லை. அம்மா காதுக்கு வரும். அண்ணாச்சிக்கு வரும், அவர் திட்டுவதற்குப் புதுக் குரலே கண்டுபிடிப்பார். இன்னும் நேரம் இருக்கிறது, மறுபடி அழிக்கலாம், அழித்துவிட்டு அந்தப் பெரிய திரைக்குக் கீழே போய் நிற்கலாம், வாயை மூடிக்கொண்டு சிரிக்கலாம், பங்குனி வரைக்கும், அப்புறம் எந்தக் குருவியோ அந்தக் குருவி வரைக்கும். கை வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நூலை மட்டும் தனியாக வளைத்துப் பிடித்து அதற்கு மட்டும் பவுடர் போட்டது. ஒரு கோட்டிங். ரெண்டு கோட்டிங். பொண்ணுக்குப் போடுகிற அளவு. நூல் பளபளவென்று எழுந்து நின்றது, குருவியின் காலில் வெள்ளிக் கொலுசு போட்டு, கொலுசோடு சேர்த்து மரத்தில் கட்டி வைத்த மாதிரி. கண்ணில் மட்டும் எதையும் வைக்கவில்லை. சேவ். பென் டிரைவ். அவ்வளவுதான், மூடியைப் போட்டு டாக்டர் கையில் கொடுத்தாள், அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார், நெஞ்சோடு.

ஷூ சத்தம் படியில் இறங்கியது. ஆவுடை பின்பக்கம் பாத்ரூம் ஜன்னலுக்குப் போனாள். கீழே டாக்டரின் கார், காருக்குப் பின்னால் காலிமனை, மனை முழுக்கச் சீமைக்கருவை, கருவைக்குள் ஊர்க் குப்பை. வெயில் தண்ணீர் டாங்கியின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. ஆறு மணி இருக்கும். டாக்டர் கார்க் கதவைத் திறந்தார். அவள் நாக்கை மடித்து, அந்தச் சந்துக்குள் காற்றை இழுத்தாள், பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இல்லை, தூரத்திலிருந்து, கருவைக்குள்ளிருந்து. வ்வீட்ட்-டியூ.

டாக்டர் நின்றார். கதவைப் பிடித்தபடி தலையைச் சாய்த்தார். இன்னொரு தடவை கொடுத்தாள், கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் தாழ. அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மாடியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார், ஜன்னல் இருட்டாகத்தான் இருந்தது, பார்த்துவிட்டு மறந்தார். கேமரா கழுத்திலிருந்து கைக்கு வந்தது. குனிந்தார். குப்பையில் ஒரு காலை வைத்தார், ஷூ அமுங்கியது, அதை அவர் பார்க்கவில்லை. வந்துருச்சு வந்துருச்சு என்று அந்த உதடு முணுமுணுப்பதை ஆவுடை மேலே இருந்தே தன் உதட்டில் எடுத்துப் பார்த்தாள். இன்னும் உள்ளே கூப்பிட்டாள். இன்னும் உள்ளே போனார், தோளால் முள்ளைத் தள்ளிக்கொண்டு, தலைமுடியில் சருகோடு. திருநெல்வேலி மறந்துவிட்டது, வண்டி மறந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், வாங்க டாக்டர், வலிக்காது. பேண்ட் முள்ளில் மாட்டியது. ஒரு பக்கம் இழுத்தார், வரவில்லை. மறுபக்கம் இழுத்தார், இன்னொரு கிளையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. குனிந்து எடுக்கப் போனார். அப்போது பார்த்து அவள் கூப்பிட்டாள், இதுவரை கூப்பிடாத மாதிரி, அவ்வளவு குழைந்து, அவ்வளவு கிட்டத்தில், அவர் கை பாதியில் அப்படியே நின்றது. காலில் முள்ளோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைகூட அடிக்காமல் நின்றார். அவள் கூப்பிடக் கூப்பிட நின்றார். ஆவுடை கையை எடுத்து வாயை மூடவில்லை, இருட்டுகிற ஜன்னலில் சந்து தெரிய முழுசாகச் சிரித்தாள். நின்னாரு. கல்லு மாதிரி நின்னாரு, என் குரலுக்கு.